லினக்ஸ் மின்ட்டின் கெர்னல் ஜன்னல்: புதியவர் தொடலாமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள பெரும்பாலான லேப்டாப்புகளை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பழைய திங்க்பேட், பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு வைத்திருந்த ஏசர் என்று பல வீவக அடுக்குமாடி வீடுகளின் மேசைகளில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது. ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஒருவர் வந்து, "கெர்னல் பழசாக இருக்கிறதே, 6.14 போடுங்கள்" என்பார். கெர்னல் என்பது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும், இயங்குதளத்தின் மையப் பகுதி. மின்ட்டில் அதற்கென்றே ஒரு ஜன்னல் இருக்கிறது. செலவு ஒரு வெள்ளிகூட இல்லை, சொடுக்குவது நான்கைந்து தடவைதான். முதல்முறை கெர்னல் மாற்றுகிறவர் கையில் அதைக் கொடுக்கலாமா என்று பார்ப்போம். மின்ட் 22 வரிசையை வைத்தே எழுதுகிறோம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில்) தட்ட வேண்டிய கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா? விண்டோஸில் டிரைவர்களைத் தனியே போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம்: லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே வருகின்றன. ஆகவே வன்பொருள் புதிதாக இருந்தால் கெர்னலும் புதிதாக இருக்க வேண்டும். ரியல்டெக் 8852பிஇ வைஃபை அட்டையின் டிரைவர் 6.2 கெர்னலில்தான் உள்ளே வந்தது. மின்ட் 21-இன் 5.15 கெர்னலில் அந்த அட்டை இருப்பதே தெரியாது, மின்ட் 22-இன் 6.8-இல் தானாக வேலை செய்யும். 2024-இல் வந்த ரைசன் ஏஐ 300, இன்டெல் லூனார் லேக் சிப்புகளுக்கோ 6.8-ம் போதாது. இப்படி ஒரு காரணம் இருந்தால் மாற்றுங்கள். 2017-ஆம் ஆண்டு திங்க்பேட் எக்ஸ்270-க்கு 6.8 போட்டாலும் 6.14 போட்டாலும் அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. வேகம் கூடும் என்று நம்பி மாற்றுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பாதுகாப்புக்காக மாற்ற வேண்டாமா என்றால், அது வேறு கணக்கு. டெர்மினலில் யூநேம் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, -ஆர் போட்டு எண்டர் தட்டினால் 6.8.0-45-ஜெனரிக் மாதிரி ஒரு பெயர் வரும். 6.8 என்பது தொடர். கடைசியில் நிற்கும் 45, மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு இயங்குதளம் தரும் எண், அது ஏற ஏறப் பாதுகாப்புத் திருத்தங்கள் சேருகின்றன. நடுவிலுள்ள பூஜ்யம் எப்போதும் பூஜ்யம்தான், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கடைசி எண்ணை ஏற்றும் வேலையை அப்டேட் மேனேஜர் வழக்கமான பட்டியலிலேயே கொண்டுவந்து வைக்கிறது. டிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது. இந்தக் கெர்னல் ஜன்னல் தேவைப்படுவது தொடர் மாற்றத்துக்கு, அதாவது 6.8-இலிருந்து 6.14-க்கோ 6.17-க்கோ தாவுவதற்கு மட்டும்.

ஜன்னலுக்குள்

அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் என்பதைச் சொடுக்க வேண்டும். உடனே ஓர் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. தவறான கெர்னலைப் போட்டால் நெட்வொர்க் போகலாம், சத்தம் போகலாம், கணினி கிளம்பாமலும் போகலாம் என்று பயமுறுத்துகிறது. சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் புதியவருக்கு அந்த இடத்தில் வேண்டியது, "கிளம்பாவிட்டால் பழைய கெர்னலுக்குத் திரும்புவது இப்படி" என்ற நான்கு வரி. பயத்துக்குக் கொடுத்த இடத்தை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

கண்டினியூ கொடுத்தால் இடப்பக்கம் தொடர்கள், வலப்பக்கம் ஒவ்வொரு தொடரிலும் உள்ள பதிப்புகள். இப்போது ஓடிக்கொண்டிருப்பதன் பக்கத்தில் ஆக்டிவ் என்றும், வட்டில் இருப்பவற்றின் பக்கத்தில் இன்ஸ்டால்டு என்றும் எழுதியிருக்கும். ஒரு பதிப்பைச் சொடுக்கினால் இன்ஸ்டால் பொத்தான் விரியும். பட்டியல் தெளிவாக இருக்கிறது, டெர்மினலைத் தொடவே வேண்டாம். பழசை அழிக்காமல் புதியதை அதன் பக்கத்தில் வைக்கும் ஏற்பாடு என்பதால், ஒரு டிரைவரை மாற்றுவதைவிடக்கூட இது பத்திரமானது.

இந்தப் பட்டியலில் புதியவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். மின்ட் 22-க்கு அடிப்படையான உபுண்டு 24.04-உடன் வந்த 6.8 தொடருக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. இடையில் வரும் தொடர்கள் அப்படி இல்லை. 2025 பிப்ரவரியில் 24.04.2-உடன் வந்த 6.11, ஆகஸ்டில் 24.04.3-உடன் 6.14 வந்ததும் கைவிடப்பட்டது. 6.14-க்கும் அதே கதிதான், அடுத்தது வரும்வரைதான் அதன் ஆயுள். ஆக, 6.11-இல் நிற்கும் கணினியைவிட 6.8-இல் நிற்கும் கணினிதான் பாதுகாப்பானது. எத்தனை நாள் ஆதரவு என்பதை ஜன்னலே காட்டுகிறது, ஆனால் சின்ன எழுத்தில், ஓரமாக. இன்ஸ்டால் பொத்தான்தான் கண்ணில் படுகிறது. ஆதரவு முடிந்த தொடரின் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். விதி எளிது: வன்பொருள் பழசென்றால் 6.8, புதிதென்றால் பட்டியலில் ஆதரவு உள்ளவற்றுள் ஆகப் புதியது, நடுவில் உள்ளது எதுவும் வேண்டாம்.

பொத்தானை அழுத்தும் முன்

மின்ட்டிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற செயலியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியில் வைக்க வேண்டுமென்றால் தம்ப்டிரைவ் இஎக்ஸ்டி4 வடிவத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் டைம்ஷிஃப்ட் ஏற்காது. முதல் ஸ்னாப்ஷாட் உங்கள் சிஸ்டம் அளவுக்கு வரும், 16 ஜிபி தம்ப்டிரைவ் பற்றாமல் போகலாம். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் டைம்ஷிஃப்ட் இயல்பாகச் சேர்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, கெர்னல்கள் இருக்கும் /பூட் பகுதியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். டிஎஃப் -எச் /பூட் என்ற கட்டளை சொல்லிவிடும். நிறுவும்போது வட்டை என்க்ரிப்ட் செய்தவர்களுக்கு இது முக்கியம். அவர்களுக்கு /பூட் தனிப் பகுதியாக இருக்கும், பழைய நிறுவல்களில் அது 500 எம்பியைச் சுற்றித்தான். ஒரு கெர்னலுக்கு அதன் துவக்கக் கோப்போடு சேர்த்து ஏறக்குறைய 100 எம்பி பிடிக்கும், என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் இருந்தால் இன்னும் கூடும். போதாததற்கு, துவக்கக் கோப்பைப் புதுப்பிக்கும்போது பழையதன் பக்கத்தில் புதியதை முழுதாக எழுதிய பிறகுதான் பழையது போகும். ஆகவே மூன்று கெர்னல்கள் உள்ளே இருந்தால் நான்காவதற்கு மூச்சு முட்டும். பாதி எழுதிய நிலையில் "இடம் இல்லை" என்று நின்றால், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அதே ஜன்னலின் ரிமூவ் கெர்னல்ஸ் பொத்தானால் பழையது ஒன்றை நீக்குங்கள். பிறகு சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ என்ற கட்டளை விட்ட இடத்திலிருந்து வேலையை முடிக்கும். /பூட் கோப்புறைக்குள் போய்க் கையால் கோப்புகளை அழிப்பது வேண்டாம். மென்பொருள்களை நிறுவி நீக்கும் பொதி மேலாளருக்கு அது தெரியாது, அடுத்த அப்டேட்டில் குழம்பும். இன்ஸ்டால் பொத்தானை அழுத்தும்முன் இந்த ஜன்னல் தானே இடத்தை எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. எங்கள் பார்வையில் இதன் பெரிய குறை இதுதான்.

இணைய வேகம் இங்கே பிரச்சினை இல்லை. ஃபைபர் உள்ள வீட்டில் கெர்னல் இறங்குவதற்குள் கோப்பிகூட ஆறாது. நேரம் எடுப்பது அதற்குப் பின் நடக்கும் வேலைகளுக்கு. பழைய லேப்டாப்பில் துவக்கக் கோப்பைக் கட்டுவதும் டிரைவர்களைத் தொகுப்பதும் (மூல நிரலிலிருந்து கட்டுவதும்) பல நிமிடம் இழுக்கும், முன்னேற்றப் பட்டை அசையாமல் நிற்பது போலத் தெரியும். மூடியை மடிக்காதீர்கள். பேட்டரியை நம்பாமல் சார்ஜரைச் செருகி, சுவரில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பிளக்கில் செருகிவிட்டு சுவிட்சை மறப்பது சகஜம்.

டிகேஎம்எஸ், தொல்லை பிறக்கும் இடம்

கெர்னலுக்குள் இல்லாத டிரைவர்கள் சில உண்டு. என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், பிராட்காமின் சில வைஃபை அட்டைகள். இவற்றை ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகத் தொகுக்கும் ஏற்பாட்டின் பெயர் டிகேஎம்எஸ். புதிய கெர்னலில் உள் இணைப்புகள் மாறியிருந்தால் பழைய டிரைவர் தொகுபடாது. கெர்னல் நன்றாக நிறுவப்பட்டிருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் வைஃபையோ திரையோ இருக்காது. புதியவர் கெர்னலைத் திட்டுவார், குற்றம் டிரைவருடையது.

இதை ரீஸ்டார்ட் செய்யும் முன்னாலேயே கண்டுபிடிக்கலாம். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டினால் டிரைவர் பெயர், கெர்னல் எண், அதன் நிலை ஆகியவை வரி வரியாக வரும். புதிய கெர்னலின் எண்ணுள்ள வரியில் இன்ஸ்டால்டு என்று இருந்தால் தைரியமாக ரீஸ்டார்ட் செய்யலாம். புதிய எண்ணே இல்லை, அல்லது வெறும் ஆடெட் என்று நிற்கிறது என்றால் தொகுபடவில்லை. அப்படியானால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் கோப்புறைக்குள் அந்த டிரைவர் பெயரில் இருக்கும் மேக்.லாக் கோப்பைத் திறந்து, எரர் (பிழை) என்ற ஆங்கிலச் சொல் முதலில் வரும் வரியைத் தேடுங்கள். கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை, அது "தோல்வி" என்று மட்டும் சொல்லும்.

அந்த முதல் வரி பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் காட்டும். ஒன்று, தொகுப்பான் பொருந்தாமை. மின்ட் 21-இல் 6.5 தொடர் வந்தபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அந்தக் கெர்னல் ஜிசிசி என்ற தொகுப்பானின் 12-ஆம் பதிப்பால் கட்டப்பட்டது, கணினியில் இயல்பாக இருந்ததோ ஜிசிசி 11. பலருக்கு டிரைவர் தொகுபடாமல் நின்றது. ஜிசிசி-12 பொதியை நிறுவியதும் சரியானது. மற்றொன்று, டிரைவரே மிகப் பழசு. கெப்லர் என்ற பழைய தலைமுறை என்விடியா அட்டைகளுக்கு 470 வரிசைதான் கடைசி டிரைவர், புதிய கெர்னல்களுக்கேற்ப என்விடியா அதைத் திருத்துவதில்லை. அப்படிப்பட்ட அட்டை இருந்தால் 6.8-லேயே இருந்துவிடுங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாததைத் துவக்கத்தில் தடுக்கும் ஏற்பாடு) போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு படி. இந்த ஜன்னல் தரும் கெர்னல்கள் உபுண்டுவால் கையொப்பமிடப்பட்டவை, அவற்றால் பிரச்சினை வராது. ஆனால் டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே கட்டும் டிரைவருக்கு உங்கள் கணினியின் சாவி வேண்டும். முதல் தடவை ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். அடுத்த துவக்கத்தில் நீலத் திரை வரும். எந்தப் பொத்தானையாவது தட்டச் சொல்லிப் பத்து விநாடி காத்திருக்கும். தட்டி, என்ரோல் மோக், கண்டினியூ, யெஸ் என்று போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தட்டுவது திரையில் தெரியாது என்பதால் எண்களாலான எட்டு எழுத்துப் பாஸ்வேர்ட் வசதி. பத்து விநாடியைத் தவறவிட்டால் சாவி சேராது, டிரைவர் ஏறாது. பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய் பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தால் கவனம்: விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுத்து வைக்காமல் அதைச் செய்தால் விண்டோஸ் உங்களையே உள்ளே விடாது. ஒருமுறை சாவி சேர்ந்துவிட்டால் அடுத்த கெர்னல்களுக்கு மறுபடி கேட்காது.

திரும்பி வருவது

ரீஸ்டார்ட் செய்தீர்கள், கருப்புத் திரை. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, தயாரிப்பாளரின் சின்னம் வந்ததும் எஸ்கேப் பொத்தானை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் வகைக் கணினியென்றால் ஷிஃப்டை அழுத்தியபடி இருங்கள். கிரப் என்ற துவக்க நிரலின் பட்டியல் வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற இரண்டாவது வரிக்குள் போனால் வட்டிலிருக்கும் கெர்னல்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். ரெகவரி மோட் என்று முடிவதை விட்டுவிட்டு, பழைய எண்ணுள்ள சாதாரண வரியைத் தேர்ந்தெடுங்கள். கணினி நேற்று இருந்தபடியே கிளம்பும்.

எஸ்கேப்பைப் பதற்றத்தில் பலமுறை தட்டினால் பட்டியலைத் தாண்டி, கிரப் என்று எழுதிய வெறும் கருப்புத் திரையில் போய் நிற்கும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நார்மல் என்று தட்டி எண்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் பட்டியல் திரும்பும். இந்த விளையாட்டே வேண்டாமென்றால், கெர்னல் மாற்றும் முன்பே /எட்சி/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து, டைம்அவுட் ஸ்டைல் வரியில் ஹிட்டன் என்பதை மெனு என்றும், டைம்அவுட் வரியில் 0 என்பதை 5 என்றும் மாற்றி, சூடோ அப்டேட்-கிரப் கொடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு துவக்கத்திலும் ஐந்து விநாடி பட்டியல் தெரியும். இந்த ஒரு மாற்றம் எச்சரிக்கைப் பெட்டி முழுவதையும்விட உதவும்; கெர்னல் ஜன்னலில் இதற்கு ஒரு டிக் பெட்டி ஏன் இல்லை என்பது புரியவில்லை.

கணினி கிளம்பியும் வைஃபை இல்லையென்றால், ஆண்ட்ராய்ட் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் செருகி, ஃபோனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் வேறெதுவும் செய்யாமலே இணையம் வந்துவிடும், தேவையான டிரைவரை அதன்வழி இறக்கலாம்.

மற்ற வழிகள்

உபுண்டுவில் இப்படி ஜன்னல் இல்லை. அங்கே சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04 என்ற ஒரே கட்டளை. டெஸ்க்டாப் பதிப்பில் அது ஏற்கனவே இருக்கும், சர்வர் பதிப்பில்தான் கையால் போட வேண்டிவரும். இதன் நன்மை, ஒரு தொடரின் ஆயுள் முடிந்ததும் அடுத்ததற்குத் தானாகத் தாவும். மின்ட்டிலும் இதே கட்டளை வேலை செய்யும். புதிய வன்பொருள் வைத்திருந்து, இரண்டு ஆண்டுக்குக் கெர்னலை மறந்திருக்க விரும்புபவருக்கு ஜன்னலைவிட இதுவே மேல் என்போம்.

உபுண்டு தளத்தில் கிடைக்கும் மெயின்லைன் கெர்னல்களை (உபுண்டுவின் மாற்றங்கள் சேராத மூலக் கெர்னல்களை) புதியவர் தொட வேண்டாம். அவை சோதனைக்காகக் கட்டப்படுபவை. கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட் தடுக்கும், பாதுகாப்புத் திருத்தம் தானாக வராது. நான்கு கோப்புகளில் ஹெடர்ஸ் கோப்பு சில நேரம் உங்கள் கணினியில் இருப்பதைவிடப் புதிய சி நூலகத்தைக் கேட்டு நின்றுவிடும். ஹெடர்ஸ் இல்லாமல் டிகேஎம்எஸ் எதையும் கட்டாது.

கெர்னல் மாறினால் தமிழ்99 விசைப்பலகை போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. எழுத்துருவும் தட்டச்சும் கெர்னலுக்கு மேலே, வேறு அடுக்கில் இருக்கின்றன. தொடர் மாற்றிய மறுநாள் தமிழ் தட்ட வரவில்லையென்றால் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறோம். பழைய கெர்னலை அழிக்காமல் வைப்பதற்கும், டெர்மினல் இல்லாமலே வேலை முடிவதற்கும் அது. /பூட் இடத்தைப் பார்க்காததற்கும், ஆயுள் முடிந்த தொடரையும் அதே பளபளப்புடன் காட்டுவதற்கும் ஒன்றரை குறைத்தோம்.

ரிமூவ் கெர்னல்ஸ் பொத்தானை அன்றே தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது நீக்க விடாது, ஆனால் திரும்பி வர வேண்டிய பழையதை மறு பேச்சில்லாமல் நீக்கிவிடும். ஒரு வாரம் புதியதில் ஓட்டுங்கள். மூடியை மடித்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் எழுகிறதா, புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் வருகிறதா, எச்டிஎம்ஐ கேபிளில் டிவி தெரிகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடர் மாறும்போது அடிக்கடி கெடுவது அந்த முதலாவதுதான், தூங்கி எழும் வேலை. எல்லாம் சரியென்றால் இரண்டுக்கு முந்தையவற்றை நீக்கி, கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.